யாருக்கு எட்டு நிமிஷம்?

நான் தபால்காரன். 1979ல் ஈ.டி. ஆளாகச் சேர்ந்தேன். 2001ல் 'கிராமின் டாக் சேவக்' என்று பேரை மாற்றினார்கள். சம்பளப் பட்டியலில் பேர் மாறியது, கால் மாறவில்லை. 2024ல் 65 வயசு முடிந்ததும் பையை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். 45 வருஷம் ஒரே பீட்டில் நடந்த கால் இது. அதனால் வழி சொல்வதைப் பற்றி யாராவது எனக்குப் பாடம் எடுத்தால் கோபம் வரும். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன பொங்கலுக்குத் தம்பி மகள் சென்னையிலிருந்து வந்தாள். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். எப்போது வந்தாலும் பஸ் நிறுத்தத்தில் தம்பி வண்டியோடு நிற்பான். அன்றைக்கு பஸ் முன்னாலேயே வந்துவிட்டது. அவள் கைபேசியில் வரைபடத்தைத் திறந்திருக்கிறாள். எந்தக் கம்பெனியின் வரைபடம் என்பது இங்கே முக்கியமில்லை. அதில் ஊர் இருக்கிறது. பிள்ளையார் கோயில் இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, பால் சொசைட்டி இருக்கிறது. எங்கள் சேரி இருக்கிற இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அந்த வெள்ளையில் விரலை வைத்து அழுத்தி, நடக்கிற ஆள் படத்தைத் தொட்டிருக்கிறாள். 650 மீட்டர், எட்டு நிமிஷம் என்று வந்தது. நீலப் புள்ளிகள் நேரே ஊர்த்தெருவில் போய், பிள்ளையார் கோயிலில் இடதுகைப் பக்கம் திரும்பி, களத்துமேட்டில் நின்றுவிட்டன. அதற்கு மேல் அந்த வரைபடத்துக்கும் வழி தெரியவில்லை.

காலில் ஷூ, காதில் பாட்டு. நடந்தே வந்துவிட்டாள்.

பிள்ளையார் கோயில் எதிரில் திண்ணையில் இருந்த பெரியவர் கேட்டாராம், "யாரு வூட்டுப் பொண்ணு நீ?" இவள் அப்பன் பேரைச் சொல்லியிருக்கிறாள். அவர் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் இரண்டு பேர் பைக்கில் சேரிக்கு வந்தார்கள். வண்டியை விட்டு இறங்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "பொண்ணு படிக்குது, சந்தோஷம். படிப்பு தலைக்கு ஏறலாம், காலுக்கு ஏறக்கூடாது பாரு. சொல்லி வை."

அவர்கள் போனதும் எங்கம்மா பேத்தியைத்தான் முதலில் அடித்தாள். 85 வயசுக் கிழவி, கை நடுங்க நடுங்க முதுகில் அடித்தாள். "ஏரிக்கரை வழி இன்னா செத்தா பூட்டுது? சுத்திக்கினு வர்றதுக்கு இன்னாடி உனக்கு?" அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"ஆயா, போன்ல காமிச்சுதே" என்றாள் அந்தப் பெண்.

தோழர்களே, நான் பேச வந்தது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். காமிச்சுது. யாருக்குக் காமிச்சுது?

*

முதலில் இந்த வரைபடம் எப்படி வழி சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே பெண்தான்.

தெரு என்பது அதற்கு ஒரு கோடு. தெருக்கள் கூடுகிற இடம் ஒரு முடிச்சு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எடை உண்டு. எடை என்றால் தூரம், அல்லது அதைக் கடக்கப் பிடிக்கும் நேரம். புறப்படும் முடிச்சிலிருந்து போய்ச் சேரும் முடிச்சுவரை எந்த வழியில் எடையின் கூட்டுத்தொகை குறைவோ, அதுதான் 'வழி'. டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956ல் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் யோசித்த கணக்கு இது. 1959ல் அச்சில் வந்தது. ரோட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் குறுக்கு வழி எது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இன்று கைபேசிகளில் வழி சொல்கிற கணக்குகள் பலவும் இதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நடக்கிறவன் மணிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் போவான் என்று வைத்துக்கொள்கின்றன. 650 மீட்டர், எட்டு நிமிஷம். கணக்கு சரிதான்.

எங்கம்மாவும் கணக்குப் போட்டவள்தான். பள்ளிக்கூடம் போகாதவள் போட்ட கணக்கு. அவளுடைய வழி பஸ் நிறுத்தத்திலிருந்து பின்பக்கமாக இறங்கி, வாய்க்கால் வரப்பு பிடித்து, ஏரிக்கரை ஏறி, கருவேலங்காட்டுக்குள் புகுந்து, சேரியின் வடக்குக் கோடியில் வந்து சேரும். அதையும் கைபேசியை வைத்து அளந்தோம். 1.9 கிலோமீட்டர், 24 நிமிஷம். தலையில் புல்லுக்கட்டு இல்லாமல், மழை இல்லாமல், பாம்பு இல்லாமல் 24 நிமிஷம்.

பிள்ளையார் கோயில் முன்னால் நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடிக்கு எங்கம்மா போட்ட எடை, ஒரு நடைக்கு 16 நிமிஷம். போக ஒன்று, வர ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 32 நிமிஷம். ஐம்பது வருஷம் அவள் இப்படி நடந்திருக்கிறாள். நான் தபால்காரன், கூட்டிக் கழித்துப் பார்த்தேன். 9,733 மணி நேரம் வருகிறது. நாளாக மாற்றினால் 405. அதாவது தூங்காமல், உட்காராமல், இராப்பகலாக ஒரு வருஷமும் நாற்பது நாளும் எங்கம்மா சும்மா சுற்றியிருக்கிறாள். அவள் வாழ்க்கையிலிருந்து ஒரு வருஷமும் நாற்பது நாளும் ஒரு தெரு தின்றிருக்கிறது.

இதை எந்த வரைபடம் காட்டும்?

*

இதைச் சொன்னதும் ஒரு நண்பர் கேட்டார். முற்போக்கானவர்தான். "மெஷினுக்கு என்ன தோழர் சாதி தெரியும்? அது எல்லாருக்கும் ஒரே வழிதான காட்டுது. அதுவே ஒரு சமத்துவம் இல்லையா?"

இல்லை என்கிறேன். எல்லாரையும் ஒரே மாதிரி நினைப்பது வேறு, எல்லாரையும் தன்னைப் போலவே நினைத்துக்கொள்வது வேறு. இந்த வரைபடம் மனசுக்குள் ஒரு ஆளை வைத்திருக்கிறது. அந்த ஆள் எந்தத் தெருவிலும் போகலாம். அவனை யாரும் 'யாரு வூட்டுப் புள்ள' என்று கேட்கமாட்டார்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், சைக்கிளை விட்டு இறங்க வேண்டாம். அவனுக்கு வரக்கூடிய ஒரே கஷ்டம் தூரம்தான். அந்த ஆள் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மெஷினுக்குச் சாதி தெரியாது என்பது உண்மை. சாதி தெரியாமல் வாழ்ந்துவிட முடிகிறவன் எவனோ, அவனை அளவாக வைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

இன்னொரு பக்கம் அந்த வெள்ளை. சேரி ஏன் வெள்ளையாக இருக்கிறது? யாரும் வேண்டுமென்றே அழிக்கவில்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கள் வீடுகளும் விழுந்திருக்கின்றன. கூரைகள் தெரிகின்றன, சந்துகள் தெரிகின்றன. ஆனால் கார் நுழையாத சந்தைத் தெரு என்று யாரும் கோடு போடவில்லை. கடை இருந்தால் கடைக்காரன் தன் கடையைப் பதிந்துகொள்கிறான், அதனால் கடைத்தெருவுக்குப் பேர் வருகிறது. சேரியில் கடை ஏது? வரைபடத்தில் திருத்தம் செய்கிறவனும் தனக்குத் தெரிந்த தெருவைத்தான் திருத்துவான். அவன் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. இப்படித்தான் சேரி வெள்ளையானது. ஊரில் நடப்பதுதான் வரைபடத்திலும் நடந்திருக்கிறது.

பார்சல் கொண்டுவருகிற பையன் மெயின்ரோட்டில் நின்றுகொண்டு "லொகேஷன் காட்டல, இங்க வந்து வாங்கிக்கங்க" என்கிறான். கரண்ட் ஆபீசுக்குப் போன் செய்தால் "பிள்ளையார் கோயில்ல இருந்து எப்படி வரணும்?" என்று கேட்கிறார்கள். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வண்டி நிற்கிற இடத்துக்கு ஓடியிருக்கிறோம். 45 வருஷம் நான் 'காலனித் தெரு' என்று மட்டும் எழுதிய கடிதங்களைச் சரியான வீட்டில் சேர்த்தவன். ஒரே பேரில் ஆறு பேர் இருப்பார்கள். கையெழுத்தை வைத்து, அனுப்பிய ஊரை வைத்துக் கண்டுபிடிப்பேன். இனி அந்த ஆள் இல்லை. மெஷின்தான். மெஷினுக்கு நாங்கள் வெள்ளை.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறோம்? தெருவுக்குத் தெரு பேர் வேண்டும், வீட்டுக்கு வீடு எண் வேண்டும், சந்துக்குச் சந்து கோடு வேண்டும். இல்லையென்றால் இழிவான பேர் போய், பேரே இல்லாமல் ஆவோம்.

*

நடக்கிற உரிமை எங்களுக்கு யாரும் நேற்றுப் போட்ட பிச்சை இல்லை. 1924ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும், தெருவிலும், பாதையிலும் நடக்கத் தடையில்லை என்பது அதன் சாரம். அதே 1924ல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கப் போராட்டம் தொடங்கியது. 1925ல் முடிந்தபோது என்ன கிடைத்தது? மூன்று பக்கத் தெரு திறந்தது, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. முக்கால் சுற்று நடக்கலாம், கால் சுற்று நடக்கக்கூடாது. சமரசத்தின் வரைபடம் எப்படியிருக்கும் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பிறகு அரசியல் சட்டம் வந்தது. 15ஆவது பிரிவில் சாலை என்று பேர் சொல்லியே எழுதினார்கள். 1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015ல் அதைத் திருத்தி, 2016 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, பொது இடத்தில் செருப்புப் போடுவதைத் தடுத்தால் குற்றம், சைக்கிளில் போவதைத் தடுத்தால் குற்றம் என்று சேர்த்தார்கள். யோசித்துப் பாருங்கள். இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு தேசத்தின் நாடாளுமன்றம் உட்கார்ந்து 'செருப்பு' என்றும் 'சைக்கிள்' என்றும் சட்டத்தில் எழுதுகிறது என்றால், அந்தத் தேசத்தின் தெரு எப்படிப்பட்ட தெரு?

2008ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989ல் எழுப்பிய தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை அந்த வருஷம் மே 6ஆம் தேதி இடித்து வழிவிட்டார்கள். 19 வருஷம் நின்ற சுவர். அதற்கு இரண்டே மாதம் கழித்து, ஜூலையில், கூகுள் வரைபடத்தில் 'நடந்து போகும் வழி' வந்தது. அதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்த்திருந்தார்கள்: கவனம், இந்த வழியில் நடைபாதை இல்லாமலும் இருக்கலாம். நடைபாதை இல்லாவிட்டால் எச்சரிக்கலாம் என்று அமெரிக்காவில் உட்கார்ந்து அவர்களுக்குத் தோன்றியது. நியாயமான எச்சரிக்கைதான். சுவர் இருக்கலாம், திண்ணை இருக்கலாம், திண்ணையில் ஒரு ஆள் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுகிற ஆள் அந்த அறையில் இல்லை.

*

இனிமேல்தான் கஷ்டமான இடம்.

அடிவாங்கிய மறுநாள் தம்பி மகள் என்னிடம் வந்தாள். "பெரியப்பா, நானும் என் பிரெண்ட்ஸ் ரெண்டு பேரும் புராஜெக்ட்டா ஒரு ஆப் பண்ணலாம்னு இருக்கோம். எந்த ஊர்ல எந்தத் தெருவுல நம்மள விடமாட்டாங்களோ, அதையெல்லாம் சேர்த்துடுவோம். அந்தத் தெருவைத் தவிர்த்து வழி காட்டும். தெரியாத ஊருக்குப் போற நம்ம பசங்க அடி வாங்காம வந்து சேரணும் இல்ல?"

அந்தப் பெண்ணை நான் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. முதுகில் அடி வாங்கியவள். அவள் சொல்வதில் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. அதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் காரில் பயணம் போனால் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று ஒரு கையேடு 1936 முதல் வந்தது. பச்சைப் புத்தகம் என்று பேர். போட்டவர் விக்டர் ஹ்யூகோ கிரீன், நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்தவர். அவர் வேலை என்ன தெரியுமா? தபால்காரர். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு திறக்காது என்பது தபால்காரனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஒருநாள் இந்தப் புத்தகம் தேவையில்லாமல் போகும் என்ற நம்பிக்கையை அவர் அந்தப் புத்தகத்திலேயே எழுதினார். சிவில் உரிமைச் சட்டம் 1964ல் வந்தது. 1966-67 பதிப்போடு அது நின்றது.

இதைத்தானே நாங்களும் செய்யப் போகிறோம் என்கிறாள் பெண்.

இல்லை மகளே. இன்னொரு கதையையும் கேள். 2012 ஜனவரியில் மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. நடந்து போகிறவருக்கு வழி சொல்லும்போது வானிலை, குற்றப் புள்ளிவிவரம் எல்லாவற்றையும் பார்த்து, ஆபத்தான பகுதியைத் தவிர்த்து வழி காட்டுவது. ஜனங்கள் அதற்கு வைத்த பட்டப்பேர் 'சேரியைத் தவிர்' என்பது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைத்தான் அந்த மெஷின் ஆபத்து என்று சொல்லப்போகிறது என்று அங்கே கண்டித்தார்கள். பச்சைப் புத்தகம் ஒதுக்கப்பட்டவன் கையில் இருந்தது, எங்கே போகலாம் என்று சொன்னது. இது ஒதுக்குகிறவன் கையில் இருக்கிறது, எங்கே போகாதே என்று சொல்கிறது. 'தவிர்' என்ற பொத்தான் இரண்டு பக்கமும் வேலை செய்யும். இன்றைக்கு நாம் ஊர்த்தெருவைத் தவிர்க்க ஒரு பொத்தான் செய்தால், நாளைக்கே அதே பொத்தானை வைத்து ஊர்க்காரன் சேரியைத் தவிர்ப்பான். வீடு வாடகைக்குத் தேடுகிறவன் பயன்படுத்துவான். நிலத் தரகன் பயன்படுத்துவான்.

அதைவிட முக்கியமானது ஒன்று. சட்டப்படி குற்றம் எது? வழி மறிப்பது. எங்களை மெஷின் முன்கூட்டியே சுற்றி அனுப்பிவிட்டால் யாரும் மறிக்க வேண்டியதில்லை. மறிக்காவிட்டால் குற்றமில்லை. குற்றமில்லாவிட்டால் புகாரில்லை, வழக்கில்லை. கலெக்டர் எழுதுவார்: இந்த ஊரில் தீண்டாமை இல்லை, அமைதி நிலவுகிறது. அந்த அமைதியை எங்கம்மா ஒரு வருஷமும் நாற்பது நாளும் நடந்து காப்பாற்றினாள். இனிமேல் மெஷின் காப்பாற்றும். அன்றைக்குப் பைக்கில் வந்த இரண்டு பேரின் வேலையை உன் ஆப் செய்யும், அவர்களுக்குப் பெட்ரோல் செலவுகூட இல்லாமல்.

'சுத்திக்கினு போ' என்பதை எங்கம்மா சொன்னால் அது பயம். மெஷின் சொன்னால் அது வழி. இந்த வித்தியாசத்தை நாம் விட்டுவிடக்கூடாது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒரு வரைபடம் 2004ல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் சேர்த்து வரையலாம், எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் 'நடக்கலாமா?' என்று ஒரு குறிப்புப் போடலாம். பெண் எடுத்துக் காட்டினாள். அந்தக் குறிப்பு சட்டப்படி யாருக்கு வழி உண்டு என்பதைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி. வழக்கத்தை அல்ல, சட்டத்தை. எங்கள் ஊர்த்தெருவுக்கு அதில் என்ன போடுவது? என் 45 வருஷ அனுபவம் 'கூடாது' என்கிறது. சட்டம் 'ஆம்' என்கிறது. நான் 'ஆம்' என்று போடச் சொன்னேன். அந்த ஒரு சொல்லை எந்தக் காரணம் கொண்டும் மாற்றக்கூடாது. அந்த நீலக்கோடு பொய் சொல்லவில்லை தோழர்களே. திண்ணையில் இருந்தவர்தான் சட்டத்தை மீறினார். திருத்த வேண்டியது கோட்டை அல்ல.

*

இவ்வளவு பேசுகிறாயே, நீ எப்படி நடந்தாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

45 வருஷமும் ஊர்த்தெரு முனையில் சைக்கிளை விட்டு இறங்கினேன். தள்ளிக்கொண்டு போனேன். முதல் பத்து வருஷம் செருப்பைக் கழற்றிக் கேரியரில் மாட்டிக்கொண்டு. பிறகு செருப்போடு, ஆனால் தள்ளிக்கொண்டு. சர்க்கார் பை தோளில் இருந்தது, காக்கி உடம்பில் இருந்தது. கடிதம் அவர்களுக்கு வேண்டும், மணியார்டர் வேண்டும், அதைக் கொண்டுவருகிற ஆள் சைக்கிளில் உட்காரக்கூடாது. மேலே புகார் சொன்னபோது, "ஊரோட அனுசரிச்சுப் போய்யா" என்று பதில் வந்தது. அனுசரித்தேன். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. இறங்கி ஏறிய இடத்தில் தேய்ந்த மண் இன்னும் எனக்குக் கனவில் வருகிறது.

அதனால் ஒரு பெண்பிள்ளையைத் தனியாக அந்தத் தெருவில் நடக்கவிட்டு நான் கட்டுரை எழுதமாட்டேன். தனியாக நடந்து அடிவாங்குவது தியாகமாக இருக்கலாம், அரசியல் ஆகாது. கூட்டமாக நடக்க வேண்டும். பச்சைப் புத்தகம் போடுவோம், ஆனால் வேறு விதமாக: எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்தத் தெருவில், என்ன சொல்லி மறித்தார்கள் என்று எழுதி வைக்கிற புத்தகம். தவிர்ப்பதற்கான பட்டியல் அல்ல, புகார் கொடுப்பதற்கான பட்டியல். அது இயக்கங்கள் கையில் இருக்கட்டும், வழிகாட்டும் மெஷினுக்குள் வேண்டாம்.

பெண் ஒத்துக்கொண்டாளா? பாதிதான். "அதுவரைக்கும் அடிபடுறது யாரு பெரியப்பா?" என்று கேட்டாள். பதில் இல்லாத கேள்வி. இருந்தாலும் ஆப் வேலையை நிறுத்திவிட்டு வேறொன்றில் இறங்கினாள்.

*

பொங்கல் லீவு முடிவதற்குள் நான்கு பையன்களைச் சேர்த்துக்கொண்டு சேரியின் பதினொரு சந்துகளையும் நடந்து அளந்து அந்தத் திறந்த வரைபடத்தில் ஏற்றினாள். வெள்ளை போயிற்று. தெருக்களுக்குப் பேர் வைக்கக் கிராமசபையில் தீர்மானம் கொடுத்திருக்கிறோம். முதல் தெருவுக்கு அம்பேத்கர் என்பதில் சண்டையில்லை. மற்றவற்றில் பெரிய சண்டை. நல்ல சண்டைதான், நடக்கட்டும்.

பன்னிரண்டாவது கோடு ஒன்று பாக்கி. சுடுகாட்டு வழி.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். பிணத்தைக் கயிறு கட்டிப் பாலத்திலிருந்து கீழே இறக்கினார்கள் நம் ஜனங்கள். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. செத்த பிறகும் எங்களுக்குக் குறுக்கு வழி இல்லை.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். சுடுகாட்டுக்கு வண்டிப்பாதை இருந்தது. என் தாத்தாவை அதில்தான் தூக்கிக்கொண்டு போனோம். பிறகு இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் வருஷத்துக்கு ஒரு ஏர்ச்சால் என்று உள்ளே வந்து, கடைசியில் பாதையே கழனியாகிவிட்டது. இப்போது வரப்பில் ஒற்றையாகப் பிணம் தூக்க வேண்டும். கார்த்திகை மழையில் முழங்கால் சேறு. போன வருஷம் பாடை சரிந்தது.

வருவாய்த்துறையின் புலப்படத்தை எடுத்துப் பார்த்தோம். இன்று அதை இணையத்திலேயே எடுக்கலாம், அ-பதிவேடும் எடுக்கலாம். எல்லா ஊர்த் தோழர்களும் எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடு தெளிவாக ஓடுகிறது. அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேராக வண்டிப்பாதை என்று எழுதியிருக்கிறது. புறம்போக்கு. எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை.

"அப்ப இதையும் வரைபடத்துல போட்டுடும்மா" என்றேன்.

"போட முடியாது பெரியப்பா" என்றாள். "தரையில என்ன இருக்கோ அதைத்தான் போடணும்னு இதுல ரூல். அங்க இப்ப நெல்லு இருக்கு. இல்லாத பாதையைப் போட்டா யாராவது வந்து அழிச்சிடுவாங்க. அழிச்சா அவங்க மேல தப்பும் இல்ல."

எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம் அந்த விதி சரி என்று பட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரும் நமக்குப் பாதை போட்டுத் தரமாட்டார்கள். சர்க்கார் காகிதத்தில் கோடு இருக்கிறது, தரையில் இல்லை. தரையில் வந்தால்தான் வரைபடத்தில் வரும். தரையில் வரவேண்டுமென்றால் நடக்க வேண்டும்.

தாசில்தாரிடம் மனு கொடுத்திருக்கிறோம். புலப்பட நகல், அ-பதிவேட்டு நகல், 63 பேர் கையெழுத்து. சர்வேயர் வந்து அளந்து கல் நட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மனுவுக்கு ரசீது வாங்கியாகிவிட்டது. நாற்பத்தைந்து வருஷம் ரசீது கொடுத்தவனுக்கு ரசீதின் அருமை தெரியும்.

அறுவடை முடிந்து கழனி காயும்போது, கல் நட்டாலும் நடாவிட்டாலும், புலப்படத்தில் உள்ளபடி அந்தப் பாதையில் சேரியிலிருந்து சுடுகாடு வரை நடக்கப்போகிறோம். புறப்படும் இடம் பஸ் நிறுத்தம். பஸ் நிறுத்தத்திலிருந்து சேரிக்கு ஊர்த்தெரு வழியாக வருவோம், எட்டு நிமிஷ வழியில். காலில் செருப்போடு. நான் சைக்கிளில் ஏறி வரப்போகிறேன். எங்கம்மா வருவாளா என்று கேட்டேன். "எனக்கு ஏரிக்கரைதான்டா தெரியும்" என்றாள். அவளைக் கட்டாயப்படுத்த எனக்கு வாயில்லை.

நீங்கள் வாருங்கள். கைபேசியில் வழி பார்த்துக்கொண்டே வரலாம். இப்போது எங்கள் சேரி அதில் இருக்கிறது.